கொட்டகையில் மூன்றில் ஒரு பங்கு

திண்டுக்கல் பேகம்பூரில் முகமது பாரூக்கின் கொட்டகைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. விசாரித்து வருபவர்களிடம் எதிர் டீக்கடைக்காரர், "மெஷின் சத்தம் எங்க கேக்குதோ அங்க நில்லுங்க" என்று மட்டும் சொல்வார். உள்ளே ஆறு பெண்கள் கையுறை தைக்கிறார்கள். ஆர்கான் வாயுவைக் கொண்டு நுண்ணிய வெல்டிங் செய்பவர்கள் அணியும் கையுறை அது. அவ்வேலையில் மெல்லிய கம்பியை விரல்நுனியால் உணர்ந்து உணர்ந்து ஊட்ட வேண்டியிருப்பதால் கனத்த மாட்டுத்தோல் பயன்படாது. பதப்படுத்திய ஆட்டுத்தோல் வேண்டும். ஆட்டுத்தோல் பாரூக்கிற்குக் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது.

அவருடைய தந்தை காதர் முகைதீன் ஒரு தோல் பதனிடும் ஆலையில் தோல்களைத் தரம் பிரிப்பவராக இருந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்து இந்த இடத்தை வாங்கி, ஓட்டுக் கொட்டகை ஒன்றைப் போட்டார். அவருடைய மறைவுக்குப் பின் பாரூக் அதே கொட்டகையில் இரண்டு தையல் இயந்திரங்களுடன் கையுறைத் தொழிலைத் தொடங்கினார். 2023ஆம் ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்தாறு. மனைவி தாஹிரா காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, தைத்த கையுறைகளைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்.

தொழில் பெரும்பாலும் வாய்வார்த்தையில் நடந்தது. தோல் ஆலையிலிருந்து சரக்கு வரும். கோயம்புத்தூரில் கையுறை விற்ற பணம் வந்ததும் ஆலைக்குப் போகும். இடையில் காகிதம் எதுவும் இல்லை. வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்பது தந்தை வைத்த விதி. வட்டி வாங்குவதும் இல்லை. சேமிப்புக் கணக்கில் வங்கி தானாகச் சேர்க்கும் வட்டியை அவ்வப்போது தனியே எடுத்து, பொதுக் கழிப்பறை கட்டும் வேலைக்கோ பழுது பார்க்கும் வேலைக்கோ கொடுத்துவிடுவது அக்குடும்பத்தின் வழக்கம். நன்மையை எதிர்பார்த்துக் கொடுக்கும் தர்மமாக அதை அவர்கள் கருதுவதில்லை. கையில் ஒட்டியதைக் கழுவிவிடுவது போன்றது அது. தந்தை செய்ததைப் பாரூக்கும் செய்துவந்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆண்டனிராஜ் கொட்டகைக்கு வந்தார். திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்காரர், பாரூக்குடன் பள்ளியில் படித்தவர். கோயம்புத்தூரில் பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தார். பாரூக்கின் சரக்கில் பெரும்பகுதி அவருக்கே போனது.

"வருஷம் பூரா எடுத்துக்கிறேங்கிறான் ஒரு பம்பு கம்பெனிக்காரன்" என்றார் ஆண்டனிராஜ். "இப்ப நீ குடுக்கிறதுல மூணு மடங்கு. ஆனா கத்தரியில வெட்டுன சரக்கு வேணாமாம்."

"கத்தரியில வெட்டுனா என்னவாம்?"

"ஒரு ஜோடியில இடது கை அண்ணன் மாதிரி இருக்கு, வலது கை தம்பி மாதிரி இருக்கு. நாந்தான் நம்ம ஊரு சரக்குன்னு சமாளிச்சு வித்துக்கிட்டிருக்கேன். பிரஸ் போட்டு டையில வெட்டு. பொங்கல் முடிஞ்ச கையோட மொத லோடு வரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு பாரூக்கு, ஆம்பூர்ல ஒரு ஆளு காத்துக்கிட்டிருக்கான்."

இது கூடுதல் வருமானத்துக்கான வாய்ப்பு மட்டும் அன்று. ஒரே அளவில் வெட்டிய சரக்கைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகிவந்தனர். கத்தரிச் சரக்குக்குக் கிராக்கி குறைந்து, ஆறு பேருக்கும் வாரம் முழுவதும் வேலை கொடுக்க முடியாத நிலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இயந்திரம் வந்தால் ஆறு பேரும் இருப்பார்கள். வராவிட்டால் சிலரை அனுப்ப வேண்டும்.

கையுறை வடிவ வெட்டு அச்சுகளான டைகளுடன் சேர்த்துப் புதிய பிரஸ் இயந்திரத்தின் விலை ஆறு லட்சத்தைத் தாண்டியது. ஜமாஅத்தின் பொதுநிதியான பைத்துல்மாலில் நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் கொடுப்பார்கள். ஆனால் மருத்துவம், கல்விக் கட்டணம் போன்ற அவசரங்களுக்கென ஒதுக்கப்பட்ட அந்நிதியின் உச்சவரம்பு இயந்திர விலையில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. எஞ்சியிருந்தது வங்கி. பாரூக் பல நாட்கள் முடிவெடுக்காமல் இருந்தார்.

"அத்தா இருந்தா என்ன சொல்லிருப்பாகன்னு யோசிக்கிறீங்க" என்றார் தாஹிரா. "அத்தா இருந்தா இன்னும் கத்தரியிலதான் வெட்டிக்கிட்டிருப்போம்."

மறுநாள் பாரூக் வங்கிக்குப் போனார்.

கடன் பிரிவில் இருந்தவர் செழியன் என்ற இளம் அலுவலர். பொறுமையானவர். ஆதார், பான் விவரங்களைக் கணினியில் உள்ளிட்டுச் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்க பேர்ல கிரெடிட் ஸ்கோரே காட்டல."

"கம்மியா இருக்கா சார்?"

"கம்மியா இருந்தாக்கூட ஏதாச்சும் எழுதலாம். ஒண்ணுமே இல்ல. ஒரு பைக் லோன், டிவி தவணை, எதுவுமே எடுத்ததில்லையா?"

"எல்லாம் ரொக்கந்தான் சார். கடன்னு கேட்டு எவனும் நம்ம வாசல்ல வந்து நின்னதில்ல."

"அதாங்க இங்க பிரச்சினை. கடன் வாங்குனவர் ஒழுங்காக் கட்டுவாரான்னு எங்களுக்குத் தெரியும். வாங்காதவரப் பத்தி ஒண்ணும் தெரியாது."

செழியன் பாஸ்புத்தகத்தைப் புரட்டினார். "இது என்ன, வட்டி ஏறுனதும் அதே தொகைய அப்படியே எடுத்துடறீங்க?"

"அது நம்ம காசு இல்ல சார்."

"பின்ன யாரு காசு?"

"கக்கூசு கட்றவங்க காசு."

செழியன் நிமிர்ந்து பார்த்தார். பாரூக் விளக்கினார். செழியன் சிரிக்கவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு மூடினார்.

ஈடு கேட்காமல் சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசுத் திட்டம் இருப்பதைப் பாரூக் விளம்பரத்தில் பார்த்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோது செழியன் குரலைத் தாழ்த்தினார். திட்டம் உண்டு, ஆனால் முன்கடன் வரலாறு இல்லாதவருக்கு, அதிலும் விற்பனையில் பாதிக்குமேல் பில் இல்லாமல் நடத்துபவருக்கு, ஈடின்றிக் கொடுக்கக் கிளை மேலாளர் சம்மதிக்க மாட்டார். கொட்டகையை அடமானமாக வைத்தால் பரிந்துரைக்கலாம். பாரூக் நிம்மதியுடன் வீட்டுக்குப் போய் மூலப்பத்திரம், தீர்வை ரசீது, வில்லங்கச் சான்று, தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கடனை நிறுத்த வங்கியின் வழக்கறிஞருக்கு அவற்றில் ஒரு வரி போதுமானதாக இருந்தது. வாரிசுகள் இருவர்: மகன் முகமது பாரூக், மகள் ரஃபியா. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அவர் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலொழிய இந்தச் சொத்தின்மேல் பாரூக் கடன் பெற இயலாது.

"தங்கச்சி கையெழுத்துதானே சார்? நாளைக்கே வாங்கிட்டு வாரேன்" என்றார் பாரூக். ரஃபியாவுக்குக் கல்யாணத்தில் தந்தை நகையும் சீரும் குறைவில்லாமல் செய்திருந்தார். அதோடு கணக்கு முடிந்தது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று என அவர் நம்பினார். எல்லோரும் என்பதில் ரஃபியா இருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

ரஃபியா வாழ்க்கைப்பட்டது பழனிக்கு அப்பால் உள்ள கீரனூரில். கணவர் ஹஸ்ஸானுக்கு அங்கே மளிகைக்கடை. பத்திர எழுத்தரிடம் விடுதலைப் பத்திரத்தின் நகலைத் தயார் செய்துகொண்டு, ஒரு சீப்புச் சிறுமலை வாழைப்பழத்துடன் பாரூக் பேருந்து ஏறினார்.

"ஏனுங்கண்ணா, பெருநாளைக்கே வராதவங்க சும்மா ஒரு செவ்வாக்கெழமையில வந்திருக்கீங்க?" என்று வரவேற்றார் ரஃபியா.

"வரக்கூடாதா? ஏனுங்கவாம் ஏனுங்க. நம்மூரு நாக்கு எங்க போச்சு?"

"இருவது வருசமா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறனுங்க. நாக்கு மட்டும் அங்கயே இருக்குமா?"

டீ வந்தது. ஹஸ்ஸான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பாரூக் ஆண்டனிராஜின் ஆர்டரைப் பற்றி, இயந்திரத்தைப் பற்றி, வங்கியைப் பற்றி எல்லாம் சொல்லி, கடைசியில் நகலை எடுத்து வைத்தார். ரஃபியா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பாரூக் விரலால் காட்டியபோதும், அவர் முதல் வரியிலிருந்து படித்தார்.

"'எவ்விதப் பிரதிபலனுமின்றி'ன்னு போட்டிருக்குதுங்களே?"

"அது சும்மா ஒரு வார்த்தை. பத்திரம்னா அப்படித்தான் எழுதுவாங்க."

"சும்மா வார்த்தைன்னா எடுத்துருங்களே."

"ஒனக்கு அத்தா என்ன கொறை வச்சாரு ரஃபியா? இருவது பவுனு, சீரு, பாத்திரம் பண்டம்…"

"சீரு அத்தா உசுரோட இருந்து குடுத்ததுங்க. பங்கு அவரு மௌத்துக்கப்புறம் வர்றது. ரெண்டும் ஒண்ணுன்னு எந்தக் கிதாபுல இருக்குது?"

"மச்சான் மொதல்ல சாப்பிடட்டும்" என்றார் ஹஸ்ஸான்.

"சாப்பிடட்டுமே. வெஞ்சனமும் இருக்குது, கேள்வியும் இருக்குது." ரஃபியா அண்ணனின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "பேங்குல ஏறுற வட்டியில ஒரு ரூவாகூடத் தொடமாட்டீங்க. ஹராம்னு சொல்லிக் கக்கூசு கட்டக் குடுத்துருவீங்க. என்ற பங்கு இத்தன வருசமா உங்ககிட்ட இருக்குதே, அது எந்தக் காசுங்கண்ணா?"

பாரூக் சாப்பிட்டார். ரஃபியா இரண்டாம் முறை சோறு போட்டார். கிளம்பும்போது பேருந்துக்கு வழியில் குடிக்கத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார். பத்திரத்தின் நகல் கையெழுத்தில்லாமல் திண்டுக்கல் திரும்பியது.

செழியன் மாற்று வழி ஒன்று சொன்னார். ரஃபியா உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். உடன் உரிமையாளர் என்ற முறையில் அடமானத்துக்குச் சம்மதித்து, ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். பாரூக் வங்கி வாசலிலிருந்தே தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நீங்க கடனைக் கட்டலைன்னா பேங்குக்காரங்க என்னையத் தேடி வருவாங்களா?"

"வருவாங்க. ஆனா நான் கட்டாம விட்ருவேனா?"

"லாபம் வந்தா நீங்க என்னையத் தேடி வருவீங்களா?"

அழைப்பைத் துண்டித்தது யார் என்பதில் அண்ணன் தங்கைக்கிடையே இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அன்று மாலை கொட்டகையில் கையுறைகளைத் திருப்பிக்கொண்டிருந்த தாஹிராவிடம் பாரூக் தங்கையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். தாஹிரா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். "எங்க ஊரு எரியோட்டுல எங்கண்ணனுங்க வீட்டுப் பத்திரத்துல நானும் இதே மாதிரி கையெழுத்துப் போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"எப்ப?"

"நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. என்ன ஏதுன்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. வர்ற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தீங்க." தாஹிரா ஒரு கையுறையின் கட்டைவிரலைக் குச்சியால் குத்தி வெளியே தள்ளினார். "நல்லாத்தான் இருந்துச்சு பரோட்டா. ரஃபியாவுக்கு வெறும் வாழப்பழத்தக் கொண்டு போயிருக்கீங்க, எப்படிப் போடுவா?"

அருகில் தைத்துக்கொண்டிருந்த செபஸ்தியம்மாள் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இயந்திரத்தை வேகமாக மிதித்தார்.

பாரூக் அதன்பின் செய்ததை அவருடைய நண்பர்கள் சிலர் நேர்மை என்றும், சிலர் அவசரப் புத்தி என்றும் சொல்கிறார்கள். அவர் ரஃபியாவை மறுபடி எதுவும் கேட்கவில்லை. பத்திர எழுத்தரிடம் போய் விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சொன்னார்: தமக்கு மூன்றில் இரண்டு, ரஃபியாவுக்கு மூன்றில் ஒன்று. அதை எடுத்துக்கொண்டு செழியனிடம் போனார்.

"பிரிச்சீங்கன்னா உங்க பேர்ல வர்ற இடத்துக்கு மட்டுந்தான் லோன்" என்றார் செழியன். "அதுவும் மதிப்புல மூணுல ரெண்டு வரும்னு நெனைக்காதீங்க. ரோட்டுப் பக்கம் அவங்களுக்குப் போயிட்டா பின்னாடி இடத்துக்குப் பாதிகூடப் போட மாட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு. அளக்கணும், பதியணும், பட்டா மாத்தணும். பொங்கல் தாண்டிரும் பாய்."

"தாண்டட்டும் சார்."

"உங்க ஆர்டரு?"

"அதச் சொல்லத்தான் இப்பப் போறேன்."

ஆண்டனிராஜிடம் அவர் தொலைபேசியில் உண்மையையே சொன்னார்.

"தங்கச்சிக்குப் பங்கு குடுக்கப் போயி ஆர்டர விடுறவன இப்பத்தான்டா பாக்குறேன். எங்க வீட்ல எங்கப்பா ஒரு சைக்கிள விட்டுட்டுப் போனாரு. பாகம் பிரிக்கிற தொல்லையே இல்ல."

"ஆம்பூர்க்காரனுக்குக் குடுத்துரு."

"குடுக்கத்தான் போறேன். மூணுல ரெண்டு அவனுக்கு. மிச்சத்த உனக்கு வச்சிருக்கேன். பங்குனிக்குள்ள டையில வெட்டி அனுப்பு. அதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாது."

முழு ஆர்டர் கைவிட்டுப் போனதன் விளைவு கார்த்திகையிலேயே தெரிந்தது. செபஸ்தியம்மாளும் இன்னொருவரும் வேடசந்தூர்ப் பக்கம் உள்ள நூல்மில்லுக்குப் போய்விட்டார்கள். "வேனு வீட்டு வாசலுக்கே வருது பாய்" என்று செபஸ்தியம்மாள் காரணம் சொன்னார். வேன் முந்தைய ஆண்டும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வாரம் கொட்டகையில் வேலை மூன்று நாட்களுக்குத்தான் இருந்தது.

பாகப்பிரிவினைச் செய்தி கீரனூருக்குப் பத்திர எழுத்தர் வழியாகத்தான் போனது. வரைவு சரியா என்று கேட்டு அவர் ரஃபியாவுக்கு அனுப்பியிருந்தார். மார்கழியில் ரஃபியாவும் ஹஸ்ஸானும் இடத்தைப் பார்க்க வந்தார்கள். நில அளவையர் சங்கிலியை மடித்துவிட்டு, எந்தப் பக்கம் யாருக்கு என்று கேட்டார். வரைவில் அந்த இடம் மட்டும் வெற்றாக விடப்பட்டிருந்தது.

பாரூக் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நீ சொல்லு."

ரஃபியா கொட்டகையின் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். பிறகு உள்ளே நடந்து பின்சுவர் வரை போனார். பின்பக்கத்தில் வெளிச்சம் குறைவு. தெருவுக்கு வர வேறு வழியும் இல்லை. ஹஸ்ஸான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரஃபியா அவரைப் பார்வையால் நிறுத்திவிட்டு அண்ணனிடம் கேட்டார்:

"முன்பக்கம் உங்களுக்கு வந்தாத்தான் பேங்குக்காரங்க ஒழுங்கா விலை போடுவாங்களா?"

"ஆமா."

"இத அன்னைக்குக் கீரனூர்ல ஏன் சொல்லல?"

"அன்னைக்கு எனக்கே தெரியாது. பிரிக்கிறதா நெனைக்கவே இல்லையே."

"சரி, முன்பக்கம் நீங்க எடுத்துக்கங்க. நான் வந்து போறதுக்குச் சந்து விடணும். அதையும் பத்திரத்துல எழுதோணும். சும்மா வார்த்தைன்னு விட்ரக்கூடாது."

நில அளவையர் மேற்குச் சுவரை ஒட்டி மூன்றடிப் பாதையைக் குறித்துக்கொண்டார்.

தை மாதம் பத்திரம் பதிவானது. வங்கி மதிப்பீட்டாளர் முன்பகுதியைப் பார்த்துத் தந்த மதிப்புக்குப் பாரூக் கேட்ட தொகை கிடைக்கவில்லை; புதிய இயந்திரம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார். இராணிப்பேட்டையில் ஒரு செருப்புக் கம்பெனி புதியது வாங்கிக் கழித்துப் போட்ட பழைய பிரஸ் விலைக்கு வந்தது. அதற்கும் டைகளுக்கும் வங்கித் தொகை சரியாக இருந்தது. தோலுக்கான முதலீடு வழக்கம்போல ஆலையின் வாய்வார்த்தையிலேயே நிற்க வேண்டியிருந்தது. கடன் ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன் செழியன் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். பிரஸ் முன்பகுதியில் நிற்கும். ஆனால் தையல் இயந்திரங்கள் இருப்பதோ பின்பகுதியில். சட்டப்படி அது இப்போது வேறொருவர் இடம். அங்கே தொழில் நடத்த உரிமை உண்டு என்பதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும்.

ஒப்பந்தம் எழுத ரஃபியா திண்டுக்கல் வந்தார். பத்திர எழுத்தரின் அறை சிறியது; அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

"வாடகை எவ்வளவுன்னு போடட்டும்?" என்று எழுத்தர் கேட்டார்.

"நீயே சொல்லு ரஃபியா."

"பக்கத்துக் கொட்டகைக்காரங்க என்ன வாங்குறாங்களோ அதைப் போடச் சொல்லுங்க."

"அது ரோட்டுப் பக்கம். நீ இருக்கிறது சந்துக்குள்ள."

"அதுக்குத்தான் ஆயிரம் கொறைச்சுக்கச் சொல்லலாம்னு இருந்தனுங்க. நீங்க பேச ஆரம்பிச்சதால ஐநூறு."

"ஏ புள்ள, கூடப் பொறந்தவன்கிட்டயே யாவாரமா?"

"கூடப் பொறந்தவங்கன்னுதான் முன்பணம் கேக்கலைங்க. மாசம் அஞ்சாந்தேதி தந்துரோணும். நோம்பு மாசம் மட்டும் மொதத் தேதி. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கோணும்."

பாரூக் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விசைப்பலகையின்மேல் கைகளை வைத்துக் காத்திருந்தார்.

"போடுங்க" என்றார் பாரூக்.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் நோன்பு மாதத் தேதி ஏழாவது நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டது. ரஃபியா முதல் வரியிலிருந்து படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.